பழைய மோட்டார் சைக்கிளும் புதிய பெட்ரோலும்

நாட்டில் ஒரு புதிய திட்டம் வரும்போது அதன் லாப நஷ்டங்களைப் பெரிய கணக்கில் பார்ப்பதே வழக்கம். கச்சா எண்ணெய் இறக்குமதி இவ்வளவு குறையும், அந்நியச் செலாவணி இவ்வளவு மிஞ்சும், கரும்பு விவசாயிக்கு இவ்வளவு பணம் போய்ச் சேரும் என்றெல்லாம் சொல்லுவார்கள். அந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் அதே திட்டம் ஒரு சாமானியனின் வீட்டு வாசலுக்கு வரும்போது அதன் உருவம் சுருங்கிவிடுகிறது. அவனுக்கு அது, மோட்டார் சைக்கிளின் வயிற்றுக்குள் இருக்கும் குன்றிமணி அளவுள்ள ஒரு பித்தளைத் திருகு. அந்தத் திருகின் நடுவில் ஒரு சிறு துவாரம். அது சரியாக இருந்தால் வண்டி ஓடும். இல்லாவிட்டால் நடுத்தெருவில் நிற்கும்.

பெட்ரோலில் 20 சதவீதம் எரிசாராயம் கலக்கும் திட்டத்தைப் பற்றி 2025-ம் வருஷத்தில் நாடெங்கும் வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரையில் போயிற்று. அந்த வாதங்களில் அதிகம் அடிபடாத விஷயம் ஒன்று உண்டு. பழைய வண்டியைப் பிரித்து, சுத்தம் செய்து, தேய்ந்த பாகத்தை மாற்றி ஓட்டத் தெரிந்த கைகள் நம் நாட்டில் எவ்வளவு மிச்சமிருக்கின்றன? அந்தக் கைகளுக்கு வேண்டிய சாமானும் தகவலும் கிடைக்கின்றனவா? இதைச் சிறிது ஆராய்வோம்.

பழைய வண்டி எது?

பழைய மோட்டார் சைக்கிள் என்றவுடன் சில பெயர்கள் நினைவுக்கு வரும். 1955-ல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் தயாரித்த புல்லட். மைசூரில் 1960-ல் தொடங்கி 1996-ல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் ஜாவா, எஸ்டி. 1985-ல் வந்து சுமார் பத்து வருஷ காலம் இளைஞர்களை ஆட்டிவைத்த யமஹா ஆர்.எக்ஸ். 100. இவையெல்லாம் பிரியர்கள் சிலர் பொழுதுபோக்காகத் துடைத்து வைத்திருக்கும் வண்டிகள்தானே, இவற்றுக்காக ஒரு நாடு கவலைப்பட வேண்டுமா என்று கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. ஆனால் கார்புரேட்டர் வண்டி என்பது இவற்றோடு முடிந்துவிடவில்லை. பாரத் ஸ்டேஜ்-6 என்ற கடுமையான புகை விதி 2020 ஏப்ரல் 1-ம் தேதி அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் நம் நாட்டு இரு சக்கர வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன் முறைக்கு மாறின. அதற்கு முன் விற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை கார்புரேட்டர் வண்டிகளே. புல்லட் 350-ம், ஊருக்கு ஊர் ஓடும் ஸ்பிளெண்டரும் 2020 வரை கார்புரேட்டரோடுதான் கடையிலிருந்து இறங்கின. 2018-19 நிதி வருஷத்தில் மட்டும் இந்தியாவில் விற்ற இரு சக்கர வண்டிகள் 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல்.

ஆகவே, கார்புரேட்டர் வண்டிக்காரர் என்றால் ஏதோ பழம்பொருள் சேகரிப்பவர் என்று எண்ண வேண்டாம். விடியற்காலையில் கேன்களைக் கட்டிக்கொண்டு போகும் பால்காரர் அவர். கூடையோடு பறக்கும் மீன் வியாபாரி அவர். வயலுக்கு உர மூட்டை கொண்டுபோகும் விவசாயி அவர். தவணை கட்டி முடித்துச் சில வருஷங்களே ஆன வண்டி, ஒரே நாளில் பழைய வண்டி என்ற ஜாதியில் சேர்ந்துவிட்டது.

மூளை எங்கே இருக்கிறது?

கார்புரேட்டர் செய்யும் வேலை எளிது. பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து என்ஜினுக்கு அனுப்ப வேண்டும். பழைய நாளில் கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பைப் பலர் பார்த்திருப்பார்கள். காற்று வேகமாக வாயைக் கடக்கும்போது டப்பாவிலிருக்கும் மருந்து தானே மேலேறித் தூவானமாகச் சிதறும். கார்புரேட்டரின் தத்துவமும் அதுதான். அடியில் ஒரு கிண்ணம், அதில் பெட்ரோல். கிண்ணம் வழியாமலிருக்க ஒரு மிதவையும் ஊசியும். மேலே குறுகலான ஒரு தொண்டை. என்ஜின் மூச்சை இழுக்கும்போது காற்று அந்தத் தொண்டையில் விரைகிறது. பெட்ரோல் ஜெட் துவாரத்தின் வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் 1893-ம் வருஷத்தை ஒட்டி உருவாக்கிய ஏற்பாடு இது. நூறு வருஷங்களுக்கு மேல் உலகத்தின் மோட்டார்களை ஓட்டிற்று.

தூய பெட்ரோல் ஒரு பங்கு எரிய, எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கணக்கை வைத்தே ஜெட்டின் துவாரத்தை அமைக்கிறார்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் இந்தக் கணக்கைப் போட ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. சைலன்சருக்குப் போகும் புகையில் மிஞ்சிய பிராண வாயுவை அளந்து பார்த்து, பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. எண்ணெய் கொஞ்சம் மாறினால் அதுவே ஓரளவு சமாளித்துக்கொள்ளும்.

கார்புரேட்டருக்கு அப்படி மூளை கிடையாது. துவாரம் எப்போதும் அதே துவாரம்தான். எண்ணெய் மாறினால் துவாரத்தை யாராவது மாற்ற வேண்டும். அந்த மூளை வண்டிக்காரரின் தலையிலோ, தெருமுனை மெக்கானிக்கின் தலையிலோ இருந்தாக வேண்டும். இன்றைய பிரச்னையின் வேர் இதுதான்.

எரிசாராயம் என்ன செய்கிறது?

எத்தனால் என்ற எரிசாராயத்தைப் பெட்ரோலில் கலக்கும் வேலை நம் நாட்டில் 2003-ல் சில ராஜ்யங்களில் 5 சதவீதத்தோடு தொடங்கியது. 2022-ல் 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதத்தை 2030-ல் எட்டினால் போதும் என்று 2018-ல் வகுத்த கொள்கை சொல்லிற்று. அந்தக் கெடுவை 2022-ல் ஐந்து வருஷம் முன்னுக்கு இழுத்தார்கள். 2023 பிப்ரவரியில் இ-20 பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாடு முழுவதும் பரவிவிட்டது.

இதில் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. எரிசாராயம் கலந்த பெட்ரோலில் என்ஜின் தட்டும் சத்தம் குறையும். இரு சக்கர வண்டிகளின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு பாதியாகக் குறையும் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது. சுவாசிக்கும் காற்று நம் எல்லோருக்கும் பொதுவானது. அதை மறந்து பழைய வண்டிக்கு வக்காலத்து வாங்குவது சரியல்ல.

ஆனால் கார்புரேட்டர் வண்டிக்கு மூன்று சங்கடங்கள் உண்டு. முதலாவது, எரிசாராயம் எரிய அதன் எடையில் 9 பங்கு காற்றே போதும். 20 சதவீதம் கலந்தால் 14.7 என்ற கணக்கு சுமார் 13.5 ஆக இறங்கிவிடுகிறது. பழைய துவாரத்தின் வழியாகப் பழைய அளவே எண்ணெய் போனால், காற்று கூடிப்போய் எண்ணெய் குறைந்துவிட்டதாக ஆகிறது. வண்டி சூடேறும், கைப்பிடியைத் திடீரென்று முறுக்கினால் தயங்கும். எரிசாராயத்தின் உஷ்ண சக்தியும் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. தூய பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சீர்செய்த இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் வரை குறையலாம் என்று அதே நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது.

இரண்டாவது, எரிசாராயம் தண்ணீரை இழுக்கும். நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் சேர்ந்து, ஒரு கட்டத்துக்கு மேல் சாராயமும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டரின் கிண்ணம் துத்தநாகக் கலவையால் ஆனது. அங்கே வெள்ளைப் பூச்சுப்போல அரிப்புப் பிடிக்கும். மூன்றாவது, பழைய ரப்பர் வளையங்களும் குழாய்களும் ஊறி உப்பலாம், காய்ந்தபின் வெடிக்கலாம்.

சர்க்கார் சொன்ன பதில்

2025 ஆகஸ்டில் இந்தப் புகார்கள் பெருகியபோது மத்திய பெட்ரோலியம் இலாகா ஒரு விளக்கம் கொடுத்தது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோ மீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அதற்குச் செலவு குறைவு, வழக்கமான சர்வீஸின்போதே சுலபமாகச் செய்துவிடலாம் என்பது அந்த விளக்கத்தின் சாரம். எரிசாராயம் கலக்காத பெட்ரோலும் பங்குகளில் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது.

சர்க்காரின் பதிலை நாம் அப்படியே ஏற்றுக்கொள்வோம். பாகம் மலிவு, வேலை சுலபம். மெத்தச் சரி. அப்படியானால் பாகம் எங்கே, வேலை தெரிந்தவர் யார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா? இருமல் வந்தால் மருந்து சாப்பிடுங்கள் என்று சொன்னவர், மருந்துக் கடை இருக்கும் தெருவையும் காட்ட வேண்டும்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

வேலை சுலபம் என்பது உண்மைதான். சாதாரணக் கருவிகளும் பொறுமையும் உள்ள எவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். இடம் மட்டும் திறந்த வெளியாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போகும். பக்கத்து அறையில் கேஸ் அடுப்போ, பூஜை விளக்கோ, கொசுவர்த்தியோ எரிந்தால் அதுவரை போய்த் தீயைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடும்.

பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, உள்ளிருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தனியே எதுவும் உருண்டால் அது தண்ணீர். டாங்கியையும் காலி செய்ய வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு கார்புரேட்டரைக் கழற்றி, ஒரு தட்டின்மீது வைத்து, கழற்றும் வரிசையிலேயே பாகங்களை அடுக்க வேண்டும். காற்றுத் திருகைக் கழற்றுமுன், அதை மெதுவாக உள்ளே முறுக்கி எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஊசியின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு குறிப்பும் இல்லாமல் பிரிப்பது, விலாசம் எழுதாமல் கடிதம் போடுவது போலத்தான்.

ஜெட்டுகள் மெல்லிய பித்தளை. வாய்க்குப் பொருந்தாத திருப்புளியைப் போட்டால் தலை சிதைந்துவிடும். அடைப்பை நீக்க இரும்புக் கம்பியை நுழைப்பது பெரிய தவறு. துவாரம் ஒரு மயிரளவு பெரிதானாலும் ஜெட்டின் கணக்கே மாறிவிடும். அதற்கென்று விற்கும் திரவத்தை அடித்து ஊறவைத்து, சைக்கிள் பம்பினால் ஊதினாலே போதும். அந்தத் திரவத்தை அடிக்குமுன் ரப்பர் வளையங்களை எடுத்துவிட வேண்டும். மிதவை ஊசியின் நுனியில் மோதிரம்போல ஒரு கோடு தேய்ந்திருந்தால் அந்த ஊசி போய்விட்டது. பெட்ரோல் வழிவது அதனால்தான். கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள வளையம் வெடித்திருந்தால் காற்று திருட்டு வழியில் நுழையும். எண்ணெயைக் குற்றம் சொல்லுமுன் அந்த வளையத்தைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் பூட்டி, சிறிது தூரம் ஓட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரியாக இருந்தால் எண்ணெய் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் எண்ணெய் குறைவு. சோக்கைச் சிறிது இழுத்தால் வண்டி நன்றாக ஓடுகிறது என்றாலும் எண்ணெய் குறைவென்றே பொருள். இ-20 பெட்ரோலில் பழைய வண்டிகள் காட்டும் குணம் இதுதான். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலேறும்; எண்ணெய் சற்றுக் கூடும். காசு செலவில்லாத வைத்தியம் இது. பலிக்காவிட்டால் பழையபடி வைத்துவிடலாம். சில பிற்கால மாடல்களில் இந்த வசதி இல்லை. அதுவும் போதாவிட்டால் அடுத்த நம்பர் ஜெட். அதற்கு மேல் கூட்டினால் பெட்ரோலும் வீண், புகையும் அதிகம்.

நம்பர் என்ன ரகசியமா?

இந்த இடத்தில்தான் வண்டிக்காரர் சுவரில் முட்டிக்கொள்கிறார். தன் வண்டிக்கு இ-20 பெட்ரோலில் எந்த நம்பர் ஜெட் பொருந்தும், எந்த ரப்பர் எரிசாராயத்தைத் தாங்கும் என்பது அவருக்குத் தெரியாது. தயாரித்த கம்பெனிக்கு அதைச் சோதித்துச் சொல்லும் வசதி உண்டு. சொல்லும் கடமை மட்டும் யார்மீதும் வைக்கப்படவில்லை. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் தேடினால் பாகம் கிடைக்கும். அசல்போலவே பொட்டலம் கட்டிய போலியும் கிடைக்கும். மேலே ஒரு நம்பர், உள்ளே வேறு அளவுத் துவாரம் என்றால் எந்த மெக்கானிக் என்ன செய்வார்?

உதிரி பாகமும் ரிப்பேர் தகவலும் ஒரு சிலர் கையில் முடங்கக் கூடாது என்பது நம் நாட்டுக்குப் புதிய கொள்கையல்ல. வெளி ஒர்க்ஷாப்புகளுக்கு உதிரி பாகங்களும் தகவலும் கிடைக்காமல் தடுத்ததாக 14 கார் கம்பெனிகள்மீது 2014-ல் போட்டி ஆணையம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு பின்னர் மேல் மன்றங்களுக்குப் போனாலும், கொள்கை என்னவென்று அன்றே தெளிவாகிவிட்டது. 2022-ல் நுகர்வோர் விவகார இலாகா ‘ரிப்பேர் உரிமை’க்காக ஒரு கமிட்டி அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அந்த வருஷ டிசம்பரிலேயே இதற்கென ஓர் இணையத்தளமும் திறக்கப்பட்டது. தளம் திறந்தது நல்லது. அதில் ஜெட் நம்பரும் ரப்பர் பட்டியலும் ஏறினால்தான் பால்காரருக்குப் பிரயோஜனம்.

பிற நாட்டு வழக்கம்

பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீதக் கலவை சாதாரணப் பெட்ரோலாயிற்று. ஆனால் பழைய வண்டிகளுக்காக 5 சதவீதத்துக்கு மேற்படாத உயர்தரப் பெட்ரோலையும் பங்குகளில் விட்டுவைத்தார்கள். தங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று ஜனங்கள் பார்த்துக்கொள்ள சர்க்காரே ஒரு வழி செய்து கொடுத்தது. விலை கூடுதல்தான், ஆனால் வழி இருக்கிறது. பிரேஸில் 2025 ஆகஸ்டில் 30 சதவீதத்துக்குப் போய்விட்டது. எனினும் எந்தக் கலவையிலும் ஓடும் வண்டிகள் அங்கே 2003 முதல் விற்பனையில் உள்ளன. வண்டி முன்னே போயிற்று, எண்ணெய் பின்னே வந்தது. நம் நாட்டில் இ-20 தாங்கும் பாகங்களோடு வண்டி செய்வது 2023 ஏப்ரலில்தான் தொடங்கியது. இரண்டே வருஷத்தில் எண்ணெய் எல்லாப் பங்குகளுக்கும் வந்துவிட்டது.

செய்ய வேண்டியது

பழைய வண்டியை வைத்துக்கொள்ள சர்க்கார் கட்டணமும் வாங்குகிறது. 15 வருஷம் கடந்த மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாயிற்று. 20 வருஷம் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் என்று விதித்தார்கள். புதுப்பித்துக் கொடுத்தால் அந்த வண்டி ஓடலாம் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? ஓடலாம் என்று சொன்ன பிறகு, ஓடுவதற்கு வேண்டியதையும் செய்ய வேண்டும்.

அது பெரிய செலவுள்ள காரியமுமல்ல. ஒவ்வொரு கம்பெனியும் 2020-க்கு முன் தான் விற்ற மாடல்களுக்கு, இ-20 பெட்ரோலில் பொருந்தும் ஜெட் அளவையும், மாற்ற வேண்டிய ரப்பர் பாகங்களின் பட்டியலையும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பிரசுரிக்க வேண்டும். அந்தப் பாகங்களை ஒரே பெட்டியாக, தர முத்திரையோடு, தாலுகா ஊர் வரை விற்க வேண்டும். ஐ.டி.ஐ.களில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்ஜெக்ஷனோடு கார்புரேட்டரையும் இன்னும் பத்து வருஷமாவது கற்பிக்க வேண்டும். பெரிய ஊர்களில் சில பங்குகளிலாவது, கூடுதல் விலைக்கேனும், குறைந்த கலவைப் பெட்ரோலை விற்க வழி உண்டா என்று பார்க்க வேண்டும்.

புதிய வண்டிகளில் கார்புரேட்டர் போனதற்கு யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. காற்றின் சுத்தத்துக்காக அது போகவேண்டியதுதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான வண்டிகளைப் பாகமில்லாமலும் தகவலில்லாமலும் நிறுத்திவிடுவது வேறு விஷயம். அப்படி நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஒரு குடும்பம் புதிய தவணைக் கடனில் இறங்குகிறது. ஒரு தெருமுனை மெக்கானிக் கடையைக் கட்டுகிறார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார் இல்லை. பித்தளைத் திருகு ஒன்றை மாற்றினால் ஓடக்கூடிய வண்டிக்கு அந்தத் திருகின் நம்பரைச் சொல்ல ஒரு நாட்டால் முடியாதா என்ன?